டைனமோ வானொலியும் பக்கவாட்டு வாசிப்பும்

சென்ற மாரிகாலத்தில் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை நடந்தது. சண்டை என்பதுகூட மிகைதான். என் அப்பா ஒரு செய்தியைப் பகிர்ந்தார். திருநள்ளாறு சனீஸ்வரன் கோயிலுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிட்டுப் போகின்றன, நாசா விஞ்ஞானிகளே திகைத்துப் போனார்கள் என்கிற பழைய செய்தி. 14 வயதான என் மகன் அதற்குக் கீழே ஒரே ஒரு சொல் எழுதினான்: ‘ஃபேக்.’ கூடவே ஓர் இணைப்பு. லண்டன், பாரிஸ், சிட்னி, யாழ்ப்பாணம் என்று 27 பேர் இருக்கும் குழு அது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்பா அதன் பிறகு அங்கே எதையும் பகிரவில்லை. காலை வணக்கப் பூக்கள்கூட நின்றுபோயின.

மகன் செய்தது பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவன் செய்தான். அந்தப் பாடத்துக்கு ஒன்ராறியோவில் நீண்ட வரலாறு உண்டு. 1978 இல் பரி டங்கன் என்ற ஆசிரியர் ரொறன்ரோவில் ஊடக எழுத்தறிவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1987 இல் ஆங்கிலப் பாடத்தின் ஒரு பகுதியாக ஊடகக் கல்வி இங்கே கட்டாயமாக்கப்பட்டது. வட அமெரிக்காவில் அதை முதலில் செய்தது இந்த மாகாணம்தான். மார்ஷல் மக்லூகன் படிப்பித்த ஊர் என்பதால் அது பொருத்தமும்கூட. அப்போது கவலை தொலைக்காட்சியைப் பற்றியது. 1999 இல் கனடியத் தொலைக்காட்சிகளில் ஒரு விளம்பரம் வந்தது. உள்ளங்கை அளவு நீர்யானை ஒன்று இரவில் குசினிக்குள் உலாவி, சிந்திக் கிடப்பதைத் தின்னும். பார்ப்பதற்கு உண்மையான இயற்கை ஆவணப்படம் போலவே இருக்கும். கடைசியில்தான் தெரியும், தொலைக்காட்சியில் காண்பதையெல்லாம் நம்பாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எடுத்த படம் அது என்று. இன்று அந்த நீர்யானையின் இடத்தில் கைத்தொலைபேசி இருக்கிறது. 2023 இல் திருத்தப்பட்ட மொழிப் பாடத்திட்டத்திலும் எண்ணிம ஊடக எழுத்தறிவுக்குத் தனியிடம் உண்டு.

மகன் படித்த முறை எங்கிருந்து வருகிறது என்று தேடியபோது கையில் கிடைத்த புத்தகம் ‘வெரிஃபைட்.’ மைக் கோல்ஃபீல்ட், சாம் வைன்பர்க் இருவரும் சேர்ந்து எழுதி, சிக்காகோ பல்கலைக்கழக அச்சகம் 2023 இல் வெளியிட்டது. வைன்பர்க் ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுக் கல்வியை ஆராய்ந்தவர். கோல்ஃபீல்ட் ‘சிஃப்ற்’ என்ற நான்கு படி முறையை உருவாக்கியவர். முதலில் நில். சொல்பவர் யார் என்று பார். இதே விடயத்தை நம்பகமான வேறு இடங்களில் எப்படிச் சொல்லியிருக்கிறார்கள் என்று தேடு. மேற்கோளோ படமோ இருந்தால் அதன் மூலத்துக்குப் போ. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குச் சலித்தெடுத்தல் என்று பொருள். என் அம்மா இருந்திருந்தால் ‘சுளகில போட்டுப் புடை’ என்றிருப்பார்.

இந்தப் புத்தகத்தின் அடியில் இருப்பது வைன்பர்க்கும் சாரா மக்குரூவும் நடத்திய ஓர் ஆய்வு. 10 வரலாற்றாய்வாளர்கள், 10 தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்ரான்ஃபோர்ட் மாணவர்கள். மூன்று தரப்பாரிடமும் சில இணையத்தளங்களைக் கொடுத்து எதை நம்பலாம் என்று கேட்டார்கள். அவற்றில் இரண்டு, குழந்தை மருத்துவர்களின் அமைப்புகள். ஒன்று 1930 இல் தொடங்கிய பெரிய சங்கம். மற்றது, ஒருபால் இணையர் பிள்ளைகளைத் தத்தெடுப்பது தொடர்பான கருத்து முரண்பாட்டால் 2002 இல் பிரிந்துபோன சிறு குழு. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இரண்டு தளங்களும் பார்வைக்குக் கண்ணியமானவை. மாணவர்களும், வரலாற்றாய்வாளர்களில் பலரும் கொடுத்த பக்கத்திலேயே தங்கி, மேலிருந்து கீழாகக் கவனமாகப் படித்தார்கள். ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சில விநாடிகளில் பக்கத்தை விட்டு வெளியேறி, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். விரைவாகவும் சரியாகவும் முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே. இதற்குத்தான் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர்.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. 2004 இல் இங்கிலாந்தில் முதுகலை படிக்கப் போனபோது பல்கலைக்கழக நூலகத்தில் எங்களுக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தந்தார்கள். தளத்தின் முகவரி ‘ஓஆர்ஜி’ என்று முடிகிறதா? எழுத்துப் பிழை இருக்கிறதா? தொடர்பு முகவரி உண்டா? நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். இன்று கணினி ஆலோசகனாகப் பிழைப்பவன் என்ற வகையில் சொல்கிறேன்: அந்தப் பட்டியலில் இருக்கும் எதையும் ஒரு பிற்பகலில் செய்து முடிக்கலாம். ‘ஓஆர்ஜி’ முகவரியைச் சில டொலர் கொடுத்து யாரும் வாங்கலாம். உலாவியில் தெரியும் பூட்டுச் சின்னம், உங்களுக்கும் தளத்துக்கும் இடையில் போகும் தகவல் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்று மட்டுமே சொல்லும். மறுபக்கத்தில் இருப்பவர் யோக்கியரா என்று அது சொல்லாது. எழுத்துப் பிழையைத் திருத்த இன்று இயந்திரம் இருக்கிறது. ஒரு பக்கத்தை அதன் தோற்றத்தை வைத்து மதிப்பிடாதே என்பதில் நூலாசிரியர்கள் காட்டும் பிடிவாதம் முற்றிலும் நியாயமானது.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. எதையும் ஆழமாகப் படி, ஆராய்ந்து பார் என்றுதான் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளிடம் சொல்லும். இந்த நூல் கண்டதையெல்லாம் படிக்காதே என்கிறது. உன் கவனம் குறைந்த அளவே உண்டு, தகுதியில்லாததைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள் என்கிறது. விக்கிப்பீடியாவைத் தொடாதே என்ற பழைய ஆசிரிய எச்சரிக்கையையும் அது தள்ளிவைக்கிறது. ஓர் அமைப்பு யார் என்று அரை நிமிடத்தில் அறிய அதைவிட நல்ல இடம் இல்லை என்று வாதிடுகிறது. எளிய மொழி, ஏராளமான படங்கள், செய்து பார்க்கக்கூடிய எடுத்துக்காட்டுகள். பதின்ம வயதுப் பிள்ளை உள்ள எந்த வீட்டிலும் இருக்க வேண்டிய புத்தகம்.

ஆனால் நான் அந்த முறையைத் தமிழில் செய்து பார்த்தேன். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

திருநள்ளாறு செய்தியை ஆங்கிலத்தில் தேடினால் அது கட்டுக்கதை என்று சொல்லும் பக்கங்கள் முன்னால் வருகின்றன. மகன் கொடுத்த இணைப்பும் ஆங்கிலம்தான். அப்பாவின் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தமிழில் தேடினேன். ஆன்மிகப் பக்கங்கள், யூரியூப் காணொளிகள், ராசிபலன் தளங்கள் என்று வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் அதே சொற்கள், அதே 3 விநாடி, அதே ‘திகைத்துப்போன விஞ்ஞானிகள்.’ யூடர்ன் போன்ற தமிழ் உண்மை சரிபார்ப்புத் தளங்கள் இப்போது இருக்கின்றன, நல்ல வேலையும் செய்கின்றன. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவர்தான் அங்கே போவார். தேடுபொறியில் முதலில் கண்ணில் படுவது பிரதிகளின் கூட்டம். அப்பா பக்கவாட்டில் பார்த்திருந்தாலும் பத்துச் சாட்சிகளைக் கண்டிருப்பார். பத்தும் ஒரே வாயிலிருந்து வந்தவை என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

‘வெரிஃபைட்’ சொல்லாமல் ஏற்றுக்கொண்டிருக்கும் நிபந்தனை இதுதான். பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் ஏதாவது இருக்க வேண்டும். ஒன்றையொன்று பார்த்து எழுதாத செய்தித்தாள்கள், அவற்றின் பழைய பிரதிகள், கலைக்களஞ்சியம், ஆய்விதழ்கள் வேண்டும். ஆங்கிலத்தில் இவை பெரும் காடாக வளர்ந்திருக்கின்றன. ஆங்கில விக்கிப்பீடியாவில் சுமார் 70 லட்சம் கட்டுரைகள். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், தன்னார்வலர்கள் இரவு பகலாக உழைத்தும், ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய அளவுதான். நான்காவது படியான மூலத்துக்குப் போவதற்கு ஆவணக்காப்பகம் வேண்டும். ஏறத்தாழ 97,000 நூல்களோடு யாழ்ப்பாண நூலகம் 1981 இல் எரிக்கப்பட்ட ஒரு சமூகத்திடம் ‘மூலத்துக்குப் போ’ என்று சொல்வது எளிது. 2005 இலிருந்து நூலகம் எண்ணிம நூலகம் பழைய இதழ்களையும் நூல்களையும் ஒவ்வொன்றாக வருடிப் பதிவேற்றி வருகிறது. அதைத் தமிழ் ஆர்வம் என்றே இதுவரை நினைத்திருந்தேன். அது ஊடகக் கல்விக்கான அடிக்கட்டுமானம் என்பது இந்த நூலை வாசித்தபோதுதான் உறைத்தது.

இதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஆங்கிலத்தில் சரிபார்க்கப் பழகிய எங்கள் பிள்ளைகள், தமிழில் வருவதெல்லாம் வதந்தி, ஆங்கிலத்தில் இருப்பதே செய்தி என்ற முடிவுக்கு மெல்ல வந்துவிடுகிறார்கள். ‘உலகின் முதல் மொழி தமிழ் என்று யுனெஸ்கோ அறிவித்தது’ என்ற பொய்யைப் பத்து முறை பார்த்த பிள்ளை, கீழடியைப் பற்றிச் சொன்னாலும் சிரிக்கிறது. கீழடியில் கிடைத்த ஒரு மாதிரி கி.மு. 580 ஆம் ஆண்டு அளவுக்குப் பழையது என்று கரிமக் காலக்கணிப்பில் தெரிந்ததைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019 இல் அறிக்கையாகவே வெளியிட்டது. அந்த உண்மையே போதுமான பெருமை. அதை 20,000 ஆண்டு என்று ஊதிப் பெருக்கிப் பகிர்பவர், தன் பேரப்பிள்ளை உண்மையான கீழடியையும் நம்பாமல் போக வழி செய்கிறார்.

புத்தகத்தோடு எனக்குள்ள இரண்டாவது முரண்பாடு இதைவிடக் கனமானது. பெயர் பெற்ற நிறுவனங்களை நோக்கி மேலேறிப் போ என்பது நூலாசிரியர்களின் பொதுவான அறிவுரை. பெரும்பாலான நாட்களில் அது சரி. 2009 இன் முதல் ஐந்து மாதங்களில் அது எங்களுக்குச் சரியாக இருக்கவில்லை. வன்னிக்குள் சுதந்திரமான செய்தியாளர்கள் போக முடியாது. பொதுமக்கள் கொல்லப்படவில்லை என்று இலங்கை அரசு சொல்லிக்கொண்டிருந்தது. பெரிய செய்தி நிறுவனங்கள், ‘உறுதிப்படுத்த முடியவில்லை’ என்ற ஒரு வரியோடு இரு தரப்புக் கூற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தன. எங்களிடம் இருந்ததெல்லாம் அறுந்து அறுந்து வந்த தொலைபேசிக் குரல்கள். நாங்கள் அவற்றை நம்பினோம். ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் அறிக்கை 2011 இல் வந்தபோதுதான், 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்ற மதிப்பீடு நம்பகமான இடத்தில் அச்சில் ஏறியது. வதந்தி என்று தள்ளப்பட்டது இரண்டு ஆண்டுகள் கழித்து ஆவணமாயிற்று. அந்த மாதங்களில் எங்கள் பக்கத்திலும் கற்பனை வெற்றிகள் பகிரப்பட்டன, அவற்றையும் நம்பினோம் என்பதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். இரண்டும் ஒரே தொலைபேசியில்தான் வந்தன. எது எது என்று பிரிக்கும் வழி எங்களிடம் இருக்கவில்லை.

இதை வைத்து ‘ஆகவே யாரையும் நம்பாதே’ என்ற முடிவுக்கு நான் வரவில்லை. பெரிய நிறுவனங்களும் அறியாத, அறிய முடியாத இடங்கள் உண்டு. அங்கே ‘சரிபார்க்கப்படவில்லை’ என்பதும் ‘பொய்’ என்பதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டுக்கு நூலில் தனியாக ஓர் அத்தியாயம் இருந்திருக்க வேண்டும். அமெரிக்க வகுப்பறைக்கு அது தேவைப்படாமல் இருக்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு, ரோகிஞ்சாப் பிள்ளைகளுக்கு, சிரியப் பிள்ளைகளுக்குத் தேவை. ரொறன்ரோ வகுப்பறைகளில் இவர்கள் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறார்கள்.

அப்பாவிடம் திரும்பி வருகிறேன். 1990 களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வானொலிக்கு வயர் கொடுத்து, பெடலைச் சுற்றினால் வானொலி பேசும். எங்கள் வீட்டில் செய்தி அப்பாவுக்கு, பெடல் எனக்கு. கை ஓய்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் ஓய்ந்துவிடும். ‘சுத்தடா, சுத்தடா’ என்பார். அப்பா கேட்டது ஒரு நிலையத்தை அல்ல. இலங்கை வானொலி, புலிகளின் குரல், திருச்சி வானொலி, மணிலாவிலிருந்து வெரித்தாஸ், இரவில் பிபிசி தமிழோசை. ஒரு சண்டையைப் பற்றி இலங்கை வானொலி சொன்ன எண்ணையும் புலிகளின் குரல் சொன்ன எண்ணையும் என் பழைய கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுவார். பிறகு தமிழோசைக்குக் காத்திருப்பார். குண்டு எங்கே விழுந்தது என்று இலங்கை வானொலி சொல்லாது, தோற்ற சண்டையைப் பற்றிப் புலிகளின் குரல் சொல்லாது என்பது அவருக்குத் தெரியும். அவர் எப்போதும் சொல்வது: ‘நாலு பேர் நாலு திசையில பொய் சொன்னா நடுவில உண்மை கிடக்கும். பத்துப் பேர் ஒரு பொய்யைச் சொன்னா ஒண்டும் கிடையாது.’

வைன்பர்க் ஆய்வு செய்து கண்டதை என் அப்பா பெடல் வெளிச்சத்தில் செய்துகொண்டிருந்தார். அப்படிப்பட்டவர் எப்படித் திருநள்ளாறு செய்தியைப் பகிர்ந்தார்? இதற்கு விடை அவரிடம் இல்லை, அவர் கையில் இருக்கும் கருவியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வானொலியில் முதலில் வருவது நிலையத்தின் பெயர். யார் பேசுகிறார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் செய்தி காதில் விழும். வட்ஸ்அப் அதைத் தலைகீழாக்கிவிட்டது. ஒரு செய்தியை முன்னனுப்பும்போது அதை முதலில் எழுதியவரின் பெயர் கூடப் போவதில்லை. பலமுறை முன்னனுப்பப்பட்டது என்பதற்கு இரட்டை அம்புக்குறி ஒன்று வரும், அவ்வளவுதான். 2020 இலிருந்து அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்ப முடியும் என்று அந்த நிறுவனம் கட்டுப்பாடு வைத்தது. வேகத்தைக் குறைக்க அது உதவும். பெயரைத் திருப்பித் தராது. அப்பாவுக்குத் தெரிவதெல்லாம் அனுப்பிய நண்பரின் பெயர். ஐம்பது வருடச் சினேகிதர். தமிழோசை இருந்த இடத்தில் இப்போது அந்தச் சினேகிதர் இருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை மகனை அப்பாவின் ஸ்காபரோ வீட்டுக்குக் கூட்டிப்போனேன். சமாதானம் பேசும் எண்ணம் எனக்கிருந்தது. அதை அப்பாவே தொடங்கிவிட்டார்.

“பிழையெண்டு சொன்னது பரவாயில்லை அப்பன். எல்லாருக்கும் முன்னால சொன்னதுதான் எனக்கு ஒரு மாதிரிப் போச்சு” என்றார்.

மகன் தலையைக் குனிந்தான். “சொறி அப்பப்பா. எனக்கு உங்களுக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம் எண்டு தோணேல்லை” என்றான் தன் அரைகுறைத் தமிழில். ‘சிஃப்ற்’ முறையில் இல்லாத ஐந்தாவது படி அது என்று எனக்குப் பட்டது. பொய்யைக் கண்டுபிடித்த பிறகு அதை யாரிடம், எங்கே, எப்படிச் சொல்வது? முன்பின் தெரியாதவர்கள் எழுதிய பக்கங்களை எடைபோட ‘வெரிஃபைட்’ நன்றாகவே சொல்லித்தருகிறது. எங்களுக்கு வரும் பொய்கள் பெரும்பாலும் எங்களில் அன்பு வைத்தவர்களிடமிருந்துதான் வருகின்றன.

பிறகு அப்பா டைனமோ கதையைச் சொன்னார். மகன் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் கைத்தொலைபேசியை எடுத்தான். ஆங்கிலத்தில் தேடினான். சொல்லும்படி ஒன்றும் அகப்படவில்லை. என்னைப் பார்த்து, “அப்பா, இது உண்மையா?” என்று கேட்டான். பெடல் சுற்றியவனிடமே கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது, பின்பு வரவில்லை. அவன் முறைப்படிதான் செய்கிறான். பக்கவாட்டில் பார்த்தான், நாங்கள் அங்கே இல்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு ஊடகக் கல்வி கொடுப்பதென்றால் அதில் பாதி அவர்களுக்குச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுப்பது. மறுபாதி எங்கள் வேலை. பெயர் போட்டு, நாள் போட்டு, நாங்கள் கண்டதையும் காணாததையும் பிரித்து எழுதி வைப்பது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒரு பந்தியாவது சேர்ப்பது. வீட்டில் கிடக்கும் பழைய இதழை வருடக் கொடுப்பது. எதையாவது முன்னனுப்பும்போது, இதை முதலில் சொன்னது யார் என்று ஒரு வரி சேர்ப்பது. அது தெரியாவிட்டால் ‘தெரியாது’ என்று எழுதுவது.

அப்பா இப்போது குழுவுக்குத் திரும்பிவிட்டார். பூக்களும் வருகின்றன. இடையிடையே ஏதாவது ஒன்றை மகனுக்கு மட்டும் தனியாக அனுப்பி, ‘இது ஆர் சொன்னது?’ என்று கேட்கிறார். எல்லாவற்றுக்கும் அவனால் விடை சொல்ல முடிவதில்லை. சென்ற வாரம் அவன் ஒரு பழைய சைக்கிள் டைனமோவை எங்கோ தேடிப் பிடித்திருக்கிறான். அப்பப்பா வயர் கொடுக்க, தான் படம் பிடித்துத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்போவதாகச் சொல்கிறான். பெடல் சுற்ற என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.